குடல் அழற்சி நோயோடு புகையை விடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

க்ரோன் நோய், அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் ஆகிய இரண்டும் வருடக்கணக்கில் கூடவே இருக்கும் குடல் அழற்சி நோய்கள். இவற்றோடு வாழ்கிறவர்களில் சிகரெட்டோ பீடியோ பிடிக்கிறவர்களும் உண்டு. விட நினைக்கும்போது அவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் மருத்துவன் இல்லை. க்ரோன் நோயோடு வாழ்கிறவன், முன்பு புகைத்தவன். இதைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்துவதோ மாற்றுவதோ வேண்டாம். அதை உங்கள் குடல் டாக்டரிடம்தான் பேச வேண்டும்.

புகை நுரையீரலுக்குத்தானே போகிறது? குடலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

நுரையீரலுக்குப் போகும் நிக்கோட்டினும் மற்ற நச்சுகளும் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகின்றன. குடல் சுவரில் இருக்கும் சிறு ரத்தக் குழாய்கள், உள்பக்கத்தைப் போர்த்தியிருக்கும் சளிப்படலம், அங்கே வாழும் பாக்டீரியாக்கள், நோய் எதிர்ப்பு அணுக்கள் என எல்லாவற்றின் மீதும் அது வேலை செய்கிறது. ஆனால் க்ரோன், கோலைட்டிஸ் இரண்டிலும் அதன் விளைவு ஒரே மாதிரி இல்லை. அதனால் முதலில் உங்களுக்கு எது இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். "குடல்ல புண்ணு" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தால், அடுத்த முறை போகும்போது நோயின் பெயரைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கீழே வரும் பல பதில்கள் அந்தப் பெயரைப் பொறுத்துத்தான் மாறுகின்றன.

எனக்கு க்ரோன். விட்டால் நிஜமாகவே வித்தியாசம் தெரியுமா?

தெரியும். இந்தப் பக்கத்தில் நான் மிக அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். க்ரோன் நோயாளிக்குப் புகையை விடுவது வெறும் நல்ல பழக்கம் என்ற அளவில் நிற்பதில்லை. அது சிகிச்சையில் ஒரு பகுதி. மாத்திரைச் சீட்டில் ஒரு வரியாக எழுதப்பட வேண்டியது.

புகைக்கிறவர்களுக்கு க்ரோன் வரும் வாய்ப்பு, புகைக்காதவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. வந்த பிறகும் புகைத்தால் நோய் அடிக்கடி கிளம்பும், அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து அதிகம் தேவைப்படும், குடலை வெட்டும் அறுவை சிகிச்சை வரை போகும் வாய்ப்பும் கூடும்.

பாரிஸில் நடந்து 2001-இல் வெளியான ஆய்வு ஒன்று எனக்கு மிகப் பெரிய நம்பிக்கையைக் கொடுத்தது. க்ரோன் உள்ள, புகைக்கிற 474 பேரை மருத்துவர்கள் விடச் சொல்லி, கூடவே உதவியும் செய்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் விட்டிருந்தவர்கள் 59 பேர். அந்த 59 பேருக்கும் அதற்குப் பிறகு நோய் கிளம்பிய அளவு, வாழ்க்கையில் புகைக்கவே புகைக்காத க்ரோன் நோயாளிகளுக்கு இருந்த அளவுக்கு இறங்கிவிட்டது. இருபது வருடம் பொறுத்து வரப்போகும் நன்மை இல்லை இது. ஓரிரு வருடத்திலேயே தெரிகிறது. பல மாத்திரைகளால் இந்த அளவுக்கு உதவ முடிவதில்லை.

அதே எண்களை இன்னொரு விதமாகவும் படிக்க வேண்டும். உதவி இருந்தும் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர்தான் விட முடிந்தது. ஆகவே உங்களால் முதல் தடவையில் முடியவில்லை என்றால் உங்களுக்கு மனவுறுதி இல்லை என்று நினைக்க வேண்டாம். நிக்கோட்டின் அவ்வளவு பலமான பிடி.

எனக்கு இருப்பது அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். இதற்கு சிகரெட் நல்லது என்கிறார்களே?

இந்தப் பேச்சு காற்றில் வந்ததல்ல. 1982-இல் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகர மருத்துவர்கள், தங்கள் கோலைட்டிஸ் நோயாளிகளில் புகைக்கிறவர்கள் மிகக் குறைவு என்று கவனித்து எழுதினார்கள். பின்னால் வந்த ஆய்வுகளும் அதையே காட்டின. புகைப்பவர்களுக்கு இந்த நோய் வருவது குறைவு. விட்ட முதல் சில வருடங்களில் வருவது அதிகம். விட்ட பிறகுதான் தங்களுக்கு நோயே தொடங்கியது என்று சொல்லும் நோயாளிகள் உண்டு, அவர்கள் பொய் சொல்லவில்லை.

சரி, அப்படியானால் நிக்கோட்டினையே மருந்தாகக் கொடுத்தால் என்ன? அதையும் செய்து பார்த்தார்கள். 1994-இல் அதே கார்டிஃப் நகரில் 72 நோயாளிகளிடம், தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பேட்ச் சோதிக்கப்பட்டது. நிக்கோட்டின் ஒட்டிய 35 பேரில் 17 பேருக்கு நோய் முழுதாக அடங்கியது. நிக்கோட்டின் இல்லாத வெறும் பேட்ச் ஒட்டிய 37 பேரில் 9 பேருக்கு அடங்கியது. ஓரளவு பலன்தான். ஆனால் அடங்கிய நோயை அடங்கியபடியே வைத்திருக்க அது உதவுகிறதா என்று அடுத்த வருடம் பார்த்தபோது பலன் இல்லை. குமட்டல், தலைச்சுற்றல் வேறு. இன்றைக்கு கோலைட்டிஸுக்கு வழக்கமாகக் கொடுக்கும் மெசலமைன் முதல் ஊசி மருந்துகள் வரை இதைவிட நன்றாக வேலை செய்பவை இருக்கின்றன.

விட்டால் நோய் கிளம்பிவிடுமா என்பதற்கு ஆய்வுகள் ஒரே பதில் தரவில்லை. வேறொரு பழைய பிரெஞ்சு ஆய்வு, விட்ட பிறகு சில வருடங்களுக்கு நோய் கொஞ்சம் தீவிரமாவதைக் காட்டியது. 2019-இல் பிரிட்டனில் நாடு தழுவிய பதிவேடுகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வில், விட்டவர்களின் நிலை மோசமாகவில்லை. ஆக, கிளம்பலாம், கிளம்பாமலும் போகலாம். கிளம்பினால் அதற்கு மருந்து உண்டு. நுரையீரல் புற்றுநோய்க்கும் மாரடைப்புக்கும் அப்படிச் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்கு ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு இருக்கிறது. அதன் மேல் புகையையும் ஏற்றுவது நியாயமே இல்லை.

அதனால் கோலைட்டிஸ் உள்ளவர்களுக்கும் என் பதில் "விடுங்கள்" என்பதுதான். ஆனால் டாக்டருக்குத் தெரிந்து விடுங்கள். மெசலமைனை ஒரு வேளைகூட விடாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

நோய் கிளம்பியிருக்கும்போது விடுவதா, அடங்கிய பிறகா?

க்ரோன் என்றால் இன்றைக்கே. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நாட்கள்கூட நல்ல நேரம்தான். பெட்டிக்கடை பக்கத்தில் இல்லை. கோலைட்டிஸ் என்றால், நோய் அடங்கி மருந்து நிலையாக இருக்கும் காலத்தில் தேதி குறிப்பது நல்லது. அதற்காக "முழுசா சரியானதும் பார்த்துக்கலாம்" என்று தள்ளிக்கொண்டே போகக் கூடாது. ஒரு தேதியை டாக்டரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

டாக்டரைப் பார்க்கும்போது அம்மாவும் அப்பாவும் கூட வருகிறார்கள். நான் புகைப்பது வீட்டுக்குத் தெரியாது. எப்படிச் சொல்வது?

நம் ஊரில் இது நிஜமான சிக்கல். இந்த நோய் பலருக்கு இருபது, முப்பது வயதில் தொடங்குகிறது. அந்த வயதில் பெற்றோர் இல்லாமல் டாக்டரைப் பார்ப்பவர்கள் குறைவு. "சிகரெட் பழக்கம் உண்டா?" என்று டாக்டர் கேட்பார், அம்மா முந்திக்கொண்டு "அதெல்லாம் இல்ல டாக்டர்" என்பார். கேஸ் ஷீட்டில் "இல்லை" என்று ஏறிவிடும். அதற்குப் பிறகு மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்று எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். பெண்கள் புகைத்தால் இந்த மறைப்பு இன்னும் கனமாகிறது.

வழிகள் இருக்கின்றன. வயிற்றைப் பரிசோதிக்கத் திரைக்குப் பின்னால் அழைக்கும்போது மெதுவாகச் சொல்லலாம். ரிப்போர்ட்டுகளுக்கு நடுவில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைக்கலாம். உள்ளே போவதற்கு முன் விவரம் கேட்டு எழுதும் ஜூனியர் டாக்டரிடமோ நர்ஸிடமோ சொல்லலாம். "டாக்டரிடம் கொஞ்சம் தனியாகப் பேச வேண்டும்" என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. டாக்டர்களுக்கு இது புதிதும் இல்லை. எப்படியாவது சொல்லிவிடுங்கள். அவர் எழுதும் மருந்தே இதைப் பொறுத்து மாறலாம்.

மருந்து மாறுமா? எப்படி?

ஒரு உதாரணம் டோஃபாசிடினிப். கோலைட்டிஸுக்குக் கொடுக்கப்படும் மாத்திரை. புகைக்கிறவர்களுக்கும், நீண்ட காலம் புகைத்தவர்களுக்கும் வேறு வழி இருந்தால் இதைத் தவிர்க்கும்படி ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருக்கிறது. இதய நோய், புற்றுநோய் ஆபத்துதான் காரணம்.

இன்னொன்று காசநோய். இன்ஃப்ளிக்ஸிமேப், அடாலிமுமேப் போன்ற ஊசிகள் உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கும் காசநோயைக் கிளப்பிவிடக்கூடியவை. அதனால்தான் போடுவதற்கு முன் நெஞ்சு எக்ஸ்ரேயும் காசநோய்ச் சோதனையும் எடுக்கிறார்கள். புகைப்பதும் காசநோய் ஆபத்தைத் தன் பங்குக்குக் கூட்டுகிறது. காசநோய் இவ்வளவு பரவலாக இருக்கும் நாட்டில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு எலும்பு தேய்கிறது. புகையும் எலும்பைத் தேய்க்கிறது.

காலையில் ஒரு தம் போட்டால்தான் எனக்கு வெளிக்குப் போகும். விட்டால் என்ன ஆகும்?

நிக்கோட்டின் பெருங்குடலின் அசைவைத் தூண்டும். டீயும் தம்மும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். பழகிய குடலுக்கு அது இல்லாமல் போகும்போது சில நாள் மந்தமாகும். விட்டவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு மலச்சிக்கல் வருகிறது.

காலையில் எழுந்ததும் வெதுவெதுப்பான தண்ணீர், பிறகு ஏதாவது சாப்பிட்டுவிட்டு, தினமும் அதே நேரத்தில் பத்து நிமிடம் போய் உட்காருங்கள். வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் தானாக அசையும். அந்த நேரத்தைப் பிடித்துக்கொள்வதுதான் தந்திரம். சில வாரங்களில் குடல் புது நேரத்துக்குப் பழகிவிடும்.

ஒன்றில் மட்டும் கவனம். மலச்சிக்கலுக்கு எல்லோரும் சொல்லும் நார்ச்சத்து யோசனை நம்மில் சிலருக்குப் பொருந்தாது. க்ரோனில் சிலருக்குக் குடல் ஓரிடத்தில் சுருங்கிப் போயிருக்கும். அவர்கள் இசப்கோல், முருங்கைக்காய்ச் சக்கை, கொய்யா விதை, பச்சைக் காய்கறி என்று இறங்கினால் அடைப்பு வரலாம். உங்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டில் சுருக்கம் இருப்பதாக எழுதியிருந்தால் டாக்டரைக் கேட்காமல் நார்ச்சத்தைக் கூட்ட வேண்டாம். வயிறு முறுக்கி வலித்து, வாந்தியும் வந்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி போக வேண்டும்.

விட்ட பிறகு வயிறு சரியில்லை. இது நோய் கிளம்புவதா, புகையை விட்டதால் வருவதா?

விட்டவர்கள் பயந்துபோய் மறுபடி பற்றவைப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். அதனால் இதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

நிக்கோட்டின் இல்லாமல் போவதால் வரும் தொல்லைகள் சில மணி நேரத்திலேயே தொடங்கி, முதல் மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும். எரிச்சல், தூக்கமின்மை, கவனம் சிதறுவது, பசி கூடுவது, மலச்சிக்கல், வயிறு உப்புசம் எல்லாம் அதில் சேர்த்தி. வாய்ப்புண்ணும் வரும். இது நம்மைக் குழப்பிவிடும், ஏனென்றால் க்ரோன் கிளம்பும்போதும் வாய்ப்புண் வரும். விட்ட ஓரிரு வாரத்துக்குள் வந்து, வயிற்றில் வேறு மாற்றம் இல்லை என்றால் பெரும்பாலும் புகையை விட்டதால் வந்ததுதான்.

மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுந்து ஓட வைக்கும் பேதி, காய்ச்சல், எடை குறைவது, ஆசனவாய்ப் பக்கம் வீக்கமோ சீழோ: இவை புகையை விட்டதால் வருவதில்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். சந்தேகமாக இருந்தால் கால்ப்ரொடெக்டின் என்ற மலப் பரிசோதனை உதவும். குடலில் அழற்சி இருந்தால் அந்த எண் ஏறும். வெறும் உப்புசத்துக்கு ஏறாது. விடுவதற்கு முன்பே ஒரு முறை எடுத்து வைத்துக்கொண்டால் பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க வசதி.

நிக்கோட்டின் கம், பேட்ச், மாத்திரை: குடல் நோய்க்கு எது ஒத்துவரும்?

என் கருத்தில் பலருக்கு பேட்ச்தான் வசதி. தோல் வழியாகப் போவதால் வயிற்றைத் தொடுவதில்லை. ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் பிடிப்பவர்கள் வழக்கமாக 21 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாகக் குறைப்பார்கள். அதற்குக் கீழே என்றால் 14. தோல் அரித்தால் தினமும் இடம் மாற்றி ஒட்ட வேண்டும்.

கம் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் பலர் அதைச் சாதாரண சூயிங்கம் போல மென்று எச்சிலை விழுங்கிவிடுகிறார்கள். விக்கல், நெஞ்செரிச்சல், வயிற்றுவலி எல்லாம் அதனால்தான். நாலைந்து தடவை மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் குறைந்ததும் மறுபடி மெல்ல வேண்டும். ஒரு கம் அரை மணி நேரம் வரும். டீ, காபி, ஜூஸ் குடித்தால் கால் மணி நேரம் கழித்துத்தான் கம். இன்னொரு விஷயம், சர்க்கரை இல்லாத கம்மிலும் மிட்டாயிலும் சார்பிட்டால் போன்ற இனிப்புகள் இருக்கும். அவை நிறையப் போனால் நல்ல குடலுக்கே பேதியாகும். கம் மென்று பேதியாகி, அதை நோய் கிளம்பியதாக நினைத்துப் பயந்துவிடாதீர்கள்.

வரெனிக்ளின், புப்ரோப்பியான் என்ற மாத்திரைகள் டாக்டர் சீட்டோடுதான். முதலாவது நன்றாக வேலை செய்யும், ஆனால் குமட்டல் பலருக்கு வரும். சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணீரோடு போட்டால் குறையும். இரண்டாவது வலிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது.

டீ, காபியைக் குறைக்க வேண்டுமா?

ஆமாம், பாதியாக. புகையில் இருக்கும் பொருட்கள் ஈரலைத் தூண்டி, காஃபினை வேகமாக வெளியேற்ற வைக்கின்றன. விட்டதும் அந்த வேகம் குறைந்துவிடும். அதே நாலு டீ குடித்தாலும் உடம்பில் தங்கும் காஃபின் கூடும். படபடப்பு, தூக்கமின்மை, அவசரமாக வெளிக்கு ஓடுவது எல்லாம் அதனாலும் வரும். டீக்கடை வாசலில் நிற்கும் நேரமும் குறையும், அதுவும் லாபம்.

ஒரு நாளைக்கு இரண்டே இரண்டுதான். அதற்குமா?

அதற்கும்தான். க்ரோனில் குறைவாகப் புகைப்பவர்களைத் தனியாக எடுத்துப் பார்த்தபோதும் புகைக்காதவர்களைவிட நிலை மோசமாகத்தான் இருந்தது. குறைப்பதை விடுவதற்கான படியாக வைத்துக்கொள்ளலாம், அங்கேயே நின்றுவிடக் கூடாது.

பீடி? வேப்? ஹான்ஸ், கூல் லிப் போன்றவை?

பீடி சின்னதாக இருப்பதால் பாதிப்பும் சின்னது என்று நினைக்க வேண்டாம். அணையாமல் இருக்க அதை இழுத்து இழுத்துப் பிடிக்க வேண்டும். தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறையாமல் உள்ளே போகும். வேப் எனப்படும் மின்சிகரெட் இந்தியாவில் 2019 முதல் தடை. வாயில் அடக்கும் புகையிலை வாய்ப் புற்றுநோய்க்கு நேர் வழி. சிகரெட்டுக்குப் பதில் அதற்குப் போனால் நிக்கோட்டின் பிடியும் விடாது.

குடல் அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். இப்போது விட்டுப் பயன் உண்டா?

உண்டு. குறைந்தது நான்கு வாரம் முன்பே விட்டால் காயம் ஆறுவதும், நெஞ்சில் சளி கட்டாமல் இருப்பதும் எளிதாகும். அவ்வளவு நாள் இல்லை என்றாலும் விடுங்கள். க்ரோனில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு நோய் வெட்டிய இடத்துக்கருகிலேயே திரும்ப வருவது வழக்கம். புகைக்கிறவர்களுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. இவ்வளவு வலியைத் தாங்கிக் கிடைத்த நல்ல குடலைக் காப்பாற்ற உங்கள் கையில் இருப்பது இதுதான்.

டென்ஷன் ஆனால் எனக்கு நோய் கிளம்புகிறது. சிகரெட்தான் டென்ஷனைக் குறைக்கிறது. என்ன செய்ய?

ஒவ்வொரு சிகரெட்டும் குறைப்பது, போன சிகரெட் தீர்ந்ததால் வந்த படபடப்பைத்தான். விட்டவர்களின் மனநிலையைப் பார்த்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, முதல் சில வாரங்களைத் தாண்டியவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் முன்பைவிடக் குறைந்திருந்தது. முதல் வாரத்துக்கு மட்டும் வேலைப்பளுவைக் குறைத்துக்கொள்ள முடிந்தால் பாருங்கள். மாதக் கடைசிக் கணக்கு, பரீட்சை, வீட்டு விசேஷம் இருக்கும் வாரத்தில் தேதி குறிக்காதீர்கள்.

எடை கூடிவிடுமா?

சராசரியாக நாலைந்து கிலோ. நோயால் மெலிந்து போயிருப்பவர்களுக்கு இது வரம்.

விட்டேன், மறுபடி பிடித்துவிட்டேன். இப்போது?

நிரந்தரமாக விட்டவர்களில் பெரும்பாலோர் பல தடவை முயன்றவர்கள். எந்த இடத்தில், யாரோடு, எந்த நேரத்தில் பிடித்தீர்கள் என்று மட்டும் குறித்துக்கொண்டு அடுத்த தேதியை உடனே வையுங்கள். பேட்ச் ஒட்டியிருந்தால் அதை எடுக்க வேண்டாம். கூட ஒருவர் பேசினால் விடும் வாய்ப்பு கூடுகிறது. தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356. இலவசம், தமிழிலும் பேசலாம். நீங்கள் வாங்கும் பெட்டியின் மேலேயே 2018 செப்டம்பர் முதல் அந்த எண் அச்சாகி வருகிறது. பேசும்போது உங்களுக்குக் குடல் அழற்சி நோய் இருப்பதையும் சாப்பிடும் மருந்துகளையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்கள் கேரட், கொய்யா, சூயிங்கம் என்று ஏதாவது யோசனை சொன்னால், உங்கள் வயிற்றுக்கு ஒத்துவருவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.